நள்ளிரவில் எடுத்த வெயில் படங்கள்

எங்கள் ஹவுசிங் சொசைட்டியின் கேமராவை நம்பினால், 1.1.2009 அன்று எங்கள் கட்டடத்தில் யாரும் தூங்கவே இல்லை. நள்ளிரவு 12 மணி 2 நிமிடத்துக்குக் கொடி ஏற்றியிருக்கிறார்கள். 12.04க்குப் பிள்ளையாருக்கு ஆரத்தி. 12.05க்குத் தண்ணீர் டாங்கி கழுவல். 12.07க்கு மொட்டை மாடியில் தார் பூச்சு. எல்லாப் படங்களிலும் சுள்ளென்று வெயில். இதில் இன்னொரு விசேஷம், அந்தக் கேமராவை சொசைட்டி வாங்கியதே 2010இல்தான்.

பதிவேட்டில் பில் ஒட்டியிருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் வருடா வருடம் சுவர்களைப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று அன்றைய கமிட்டி தீர்மானம் போட்டு வாங்கிய சின்ன டிஜிட்டல் கேமரா அது. மும்பையில் பழைய கட்டடத்தில் குடியிருப்பவர்களுக்கு இதன் அவசியம் புரியும். 30 வயதைத் தாண்டிய கட்டடம் என்றால் ‘ஸ்ட்ரக்சுரல் ஆடிட்’ செய்து சான்றிதழ் வாங்கியாக வேண்டும். செம்பூரில் இருக்கும் எங்கள் மூன்று மாடிக் கட்டடம் 1960களில் எழும்பியது. 16 வீடுகள். பாதி தமிழர்கள், மீதி மராத்தி, குஜராத்தி, ஒரு சிந்தி குடும்பம்.

2024 ஏப்ரலில் என்னை செகரட்டரி ஆக்கினார்கள். வங்கியில் 34 வருடம் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதுதான் என் தகுதி. பொறுப்போடு கூட இரும்பு அலமாரியின் சாவி, ரப்பர் ஸ்டாம்ப், இந்தக் கேமரா, ஒரு விரிசல் ஆகியவையும் என் கைக்கு வந்தன.

விரிசல் கிழக்குச் சுவரில் இருக்கிறது. அடுத்த மனையில் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, இரண்டு அடித்தளம் வைத்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். 2023 டிசம்பரில் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். 2024 மார்ச்சில் இரண்டாவது மாடி மாமி சமையலறை ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கோடு இறங்குவதைப் பார்த்தார். கீழ் வீட்டிலும் அதே மாதிரி ஒரு கோடு. பூச்சில் வரும் விரிசல் சிலந்தி வலை மாதிரி நாலா பக்கமும் ஓடும். அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் இறங்கினால் ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பும். இது இரண்டாவது ரகம் என்றார் நாங்கள் அழைத்து வந்த எஞ்சினியர். அகலம் 3 மில்லிமீட்டர். மாமிக்கு 81 வயது. தனியாக இருக்கிறார். “வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாளா? நான் எங்கே போவேன், சொல்லுப்பா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கட்டுபவருக்கு நோட்டீஸ் அனுப்பினோம். விரிசலே இல்லாத சுவரின் 64 படங்களை இணைத்தோம். 2023 அக்டோபரில், மழை முடிந்ததும் முந்தைய கமிட்டிப் பையன்கள் எடுத்தவை. விரிசல் விழுந்த பிறகு எடுத்த படங்களையும் வைத்தோம். பதில் ஜூனில் வந்தது. மரியாதையான பதில்தான். இரண்டு தொகுதிப் படங்களிலும் தேதி 1.1.2009 என்றே இருக்கிறது. ஆகவே விரிசல் இல்லாத படம் 2010க்கும் 2023க்கும் இடையே எப்போது வேண்டுமானாலும் எடுத்ததாக இருக்கலாம். விரிசலும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கலாம்.

கோபம் வந்தது. ஆனால் அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். தேதி இல்லாத வவுச்சரை எந்த வங்கியும் ஒப்புக்கொள்ளாது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். டிஜிட்டல் படம் ஒவ்வொன்றின் உள்ளேயும் தேதி, நேரம், லென்ஸ் திறப்பு, ஃபிளாஷ் எரிந்ததா என்ற விவரங்களைக் கேமரா எழுதி வைக்கிறது. 1995இல் ஜப்பானில் உருவான ‘எக்ஸிஃப்’ என்ற முறை இது. இதைப் படித்துவிட்டு, கம்ப்யூட்டரே தேதியைக் கண்டுபிடித்துச் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியாது. கேமராவின் கடிகாரம் அந்த நொடியில் என்ன சொன்னதோ அதைத்தான் அது திருப்பிச் சொல்கிறது. கார்டில் கோப்பு பதிவான தேதி என்று காட்டுவதும் அதே கடிகாரத்தின் தேதிதான். கடிகாரம் தப்பு என்றால் இரண்டும் சேர்ந்தே தப்பாக இருக்கும். ஒரே ஆள் இரண்டு சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்ன மாதிரி.

மூன்றாவது மாடியில் ஒரு வக்கீல் பெண் இருக்கிறாள். ஆலோசனை கேட்கப் போனேன். “அங்கிள், ஜூலை 1ஆம் தேதியிலிருந்து சட்டமே மாறுகிறது” என்றாள். 1872ஆம் வருட சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்ஷ்ய அதிநியம். பழைய 65 பி பிரிவின் இடத்தில் புதிதாக 63ஆவது பிரிவு. மின்னணுப் பதிவின் நகலை கோர்ட்டில் வைத்தால் ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி. ஒன்றில் சம்பந்தப்பட்டவர் கையெழுத்துப் போட வேண்டும், மற்றொன்றில் நிபுணர். அந்தச் சாதனம் அந்தக் காலத்தில் ஒழுங்காக வேலை செய்தது என்று சொல்ல வேண்டும். ஒழுங்காக வேலை செய்யவில்லை என்றால், அந்தக் கோளாறு பதிவைப் பாதிக்கவில்லை என்றாவது சொல்ல முடிய வேண்டும்.

“கையெழுத்துப் போடப் போவது நீங்கள். இந்தக் கேமரா ஒழுங்காக வேலை செய்தது என்று போடுவீர்களா?”

போட முடியாது. இந்தக் கேமராவுக்கு ஞாபகமறதி என்பது கட்டடத்தில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். ஒவ்வொரு முறை பேட்டரியைச் சார்ஜ் செய்து போட்டாலும் புதிதாக வாங்கியது போல் “தேதியைச் சொல்லு” என்று கேட்கும். படத்தின் அளவு, ஃபிளாஷ் வேண்டாம் என்று வைத்தது, பீப் சத்தத்தை நிறுத்தியது எல்லாம் போயிருக்கும். அவசரத்தில் இருக்கும் பையன்கள் இரண்டு பொத்தானை அமுக்கிக் கேள்வியைத் தாண்டிவிடுவார்கள். உடனே பிறக்கும் 1.1.2009.

“அப்படியானால் ரிப்பேர் செய்துவிடலாமே” என்றேன்.

“ஐயையோ, தொடாதீர்கள். இப்போது கேமராவைத் திறந்தால், படத்தையும் திருத்திவிட்டீர்கள் என்பார்கள். முதலில் அது எதை மறக்கிறது, எதை மறக்கவில்லை என்று எழுதிக் கொடுங்கள். அப்புறம் ரிப்பேர்.”

அன்றே பழைய கார்டை வெளியே எடுத்தேன். அதன் ஓரத்தில் இருக்கும் குட்டித் தாழ்ப்பாளைப் பூட்டு நிலைக்குத் தள்ளி, உறையில் போட்டு, இரண்டு கமிட்டி உறுப்பினர்களின் கையெழுத்தோடு அலமாரியில் வைத்தேன். சோதனைக்குப் புதிதாக ஒரு கார்டு வாங்கினேன். ஜூலை மாதம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கும் வேறு வேலை இல்லை.

கம்பெனி சேவை மையம் ஒன்றில் ஏற்கனவே விசாரித்திருந்தார்கள். மெயின் போர்டையே மாற்ற வேண்டும், அதற்கு உதிரி பாகம் கிடைக்காது, புதிது வாங்குங்கள் என்று பதில் வந்திருந்தது. எதை மறக்கிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஆனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். கேமராவுக்குள் ஞாபகம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது, மின்சாரமே இல்லாவிட்டாலும் அழியாத சில்லு. கேமராவை நடத்தும் புரோகிராம் அதில்தான் இருக்கிறது. சில மாடல்களில் நாம் வைக்கும் செட்டிங்குகளும் அங்கேயே பதிவாகும். இரண்டாவது, கடிகாரம். அதற்கு மின்சாரம் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. உள்ளே ஒரு குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்த எண்ணை 15 தடவை பாதியாக்கினால் 1 வரும். அதுதான் ஒரு நொடி. பெரிய பேட்டரியை வெளியே எடுத்தாலும் இந்த எண்ணிக்கை நிற்காமல் இருக்க, உள்ளே ஒரு குட்டி பேட்டரி வைத்திருக்கிறார்கள். பல மாடல்களில் செட்டிங்குகளையும் அந்தக் குட்டி பேட்டரிதான் காப்பாற்றுகிறது. மூன்றாவது, கார்டு. படமும், படத்தின் எண்ணும் அதில் இருக்கின்றன. அதற்கு பேட்டரி எதுவும் தேவையில்லை.

ஆகவே மறதியை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம். நான் செய்த சோதனைகள் இவைதான். உங்கள் கேமராவுக்கும் பொருந்தும்.

முதலில் டயலைப் பார்த்தேன். ‘ஆட்டோ’ நிலையில் பல கேமராக்கள், நாம் மாற்றியதை ஆஃப் செய்ததும் வேண்டுமென்றே மறந்துவிடும். அது கோளாறு அல்ல, வடிவமைப்பு. நம் இஷ்டப்படி செட்டிங்குகளைச் சேமிக்கும் சி1, சி2 நிலைகளும் அப்படியே. நாம் சேமித்து வைத்ததற்குத்தான் திரும்பும். நடுவில் மாற்றியதை வைத்துக்கொள்ளாது. இதைத் தெரியாமல் நல்ல கேமராவை ரிப்பேருக்குக் கொண்டு போகிறவர்கள் உண்டு. நான் டயலை ‘பி’யில் வைத்து ஆரம்பித்தேன்.

அடுத்தது பேட்டரியின் பித்தளை முனைகள். மும்பையின் உப்புக் காற்றில் பாசி பிடிக்கும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்தேன். தேதியையும் செட்டிங்குகளையும் வைத்து, பேட்டரியை உள்ளேயே விட்டு, ஒரு வாரம் தினமும் ஆன், ஆஃப் செய்தேன். எதையும் மறக்கவில்லை. சில்லில் கோளாறு இல்லை என்று குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது, ஆஃப் செய்யாமலே பேட்டரியை உருவினேன். பல கேமராக்கள் நாம் மாற்றிய செட்டிங்கை ஆஃப் செய்யும் நேரத்தில்தான் எழுதி வைக்கும். அணைவதற்கு முன் உருவினால் எழுத நேரமில்லை. நான் அப்போது மாற்றிய படத்தின் அளவு மட்டும் பழையதுக்குப் போனது. தேதி அப்படியே இருந்தது. இது இன்னொரு வகை மறதி. விளக்கு அணைந்த பிறகு பேட்டரியை எடுத்தால் சரியாகிவிடும்.

நான்காவதுதான் முக்கியம். முறைப்படி ஆஃப் செய்து, பேட்டரியை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். 1 நிமிடம்: ஞாபகம் இருந்தது. 5 நிமிடம்: இருந்தது. 10 நிமிடம்: தேதி, மொழி, அளவு எல்லாம் ஒட்டுமொத்தமாகப் போய்விட்டன. குட்டி பேட்டரியிடம் 10 நிமிடத்துக்கு மேல் தெம்பில்லை. பெரிய பேட்டரியை வெளிச் சார்ஜரில் போட்டால் இரண்டு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு சார்ஜுக்கும் ஏன் மறந்தது என்பதற்கு இதுவே விடை.

குட்டி பேட்டரி வெறும் பட்டினியில் இருக்கிறதா, கிழமாகிவிட்டதா என்பது அடுத்த கேள்வி. இந்த வகைக் கேமராவில் அது பெரிய பேட்டரியிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். சில மாடல்களின் கையேடுகளில், 2 நாள் சார்ஜ் ஏறினால் சுமார் 3 மாதம் கடிகாரத்தைத் தாங்கும் என்று போட்டிருக்கிறது. முழுச் சார்ஜ் ஏறிய பெரிய பேட்டரியை 3 நாள் உள்ளே விட்டுவிட்டு மறுபடி சோதித்தேன். 15 நிமிடம் தாங்கியது. 25 நிமிடத்தில் போய்விட்டது. பட்டினி இல்லை, முதுமை.

முதுமை சீக்கிரம் வந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. நீண்ட நாள் உபயோகிக்காவிட்டால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள் என்று கையேடு சொல்கிறது. பெரிய பேட்டரி கசிந்து கேமராவைக் கெடுக்காமல் இருக்க அது நல்ல யோசனை. எங்கள் சொசைட்டியில் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார்கள். கேமரா அலமாரியில், பேட்டரி மேஜை டிராயரில், வருடத்துக்கு ஒன்பது மாதம். குட்டி பேட்டரி ஒவ்வொரு வருடமும் அடிவரை காலியாகிக் கிடந்தது. இந்த ரக பேட்டரிகளுக்கு அது ஆகாது.

கடைசிச் சோதனை படத்தின் எண்ணைப் பற்றியது. வெற்றுக் கார்டில் 5 படம் எடுத்தேன். 1 முதல் 5 வரை எண் விழுந்தது. பேட்டரியை எடுத்து அரைமணி காத்திருந்தேன். கேமரா எல்லாவற்றையும் மறந்து 2009க்குப் போனது. அடுத்த படம் எடுத்தேன். எண் 6. மறுபடி மறக்கவைத்தேன். எண் 7. பத்துத் தடவை செய்தேன். ஒரு தடவைகூட எண் பின்னால் போகவில்லை. ஏனென்றால் அது எண்ணைத் தன் ஞாபகத்திலிருந்து எடுக்கவில்லை. கார்டில் கடைசியாக இருக்கும் எண்ணைப் பார்த்து அதற்கு அடுத்ததைப் போடுகிறது. தேதி பொய் சொன்னாலும் வரிசை பொய் சொல்லாது.

பழைய கார்டின் நகலை கம்ப்யூட்டரில் திறந்து எண் வரிசையில் அடுக்கினேன். யாரும் அந்தக் கார்டைக் காலி செய்யச் சிரமப்படாதது எங்கள் அதிர்ஷ்டம். 2010 முதலான எல்லாம் அதில் இருந்தன. 1391 முதல் சுதந்திர தினம். கம்பத்தின் பின்னால் குழந்தைகள் தெர்மோகோலில் ‘77’ என்று வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அதாவது 2023 ஆகஸ்ட் 15. அதன் பின் கணபதி. 1468 முதல் 1531 வரை அந்த 64 சுவர்ப் படங்கள். மாமி வீட்டு ஜன்னலுக்கு வெளியே சுவர் பளிச்சென்று இருக்கிறது. 1540இல் மறுபடி கொடி. இந்தத் தடவை ‘75’. 2024 ஜனவரி 26. 1562இல் விரிசல்.

ஆகவே விரிசல் இல்லாத சுவர் 2023 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. எந்த நாள் என்று கேமரா சொல்லாது. ஆனால் எந்த இரண்டு நாட்களுக்கு நடுவில் என்பதைக் கார்டு சொல்கிறது. எங்களுக்கு அது போதும்.

சோதனைகளை நாள், மணி போட்டு நான்கு பக்கம் எழுதி வக்கீல் பெண்ணிடம் கொடுத்தேன். “இப்போது கையெழுத்துப் போடுவீர்களா?” என்றாள். போடுகிறேன் என்றேன். கடிகாரம் கெட்டிருந்தது, படமும் எண்ணும் கெடவில்லை என்று எழுதி அதன் கீழே போட்டேன்.

ஆகஸ்டில் அடுத்த மனைக்காரரின் எஞ்சினியர் எங்கள் சொசைட்டி ஆபீசுக்கு வந்தார். சின்ன வயசு, அளந்து பேசுகிறவர். நான் வாதம் எதுவும் செய்யவில்லை. கேமராவில் அவரையே இன்றைய தேதியை வைக்கச் சொன்னேன். ஆஃப் செய்து, பேட்டரியை எடுத்து அவர் முன்னாலேயே மேஜை மேல் வைத்தேன். டீ வந்தது. மழையைப் பற்றி, சென்ட்ரல் ரயில்வேயைப் பற்றி, சிமெண்ட் விலையைப் பற்றிப் பேசினோம். அரைமணி கழித்து பேட்டரியைப் போட்டு அவரையே ஆன் செய்யச் சொன்னேன். 1.1.2009, 00:00. அவர் சிரித்துவிட்டார். அடுத்து ஒரு படம் எடுத்தார். எண் தவறாமல் ஒன்று கூடியிருந்தது.

பிறகு மூல கார்டை உறையிலிருந்து எடுத்து எண் வரிசையில் காட்டினோம். கவனமாகப் பார்த்தார். ஓர் இடத்தில் நிறுத்தினார்.

“77க்கு அப்புறம் 75 வருகிறதே. வரிசை தலைகீழாக இருக்கிறதே?”

அறையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமிதான் பதில் சொன்னார். “அது சுதந்திர தினம், இது குடியரசு தினம். ஒண்ணு நாற்பத்தேழிலேர்ந்து எண்ணணும், இன்னொண்ணு அம்பதிலேர்ந்து.” மாமி 30 வருடம் முனிசிபல் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். நான் அதை மராத்தியில் சொன்னேன். எஞ்சினியர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார்.

நடுநடுவே எண்கள் விட்டுப் போயிருப்பதையும் கேட்டார். நியாயமான கேள்வி. ஆடிப் போன படங்களைப் பையன்கள் அழித்திருக்கிறார்கள். அழித்தால் இடைவெளி விழும், முன்னது பின்னதாக மாறாது. அதையும் புதிய கார்டில் செய்து காட்டினோம்.

கோர்ட்டுக்குப் போகவில்லை. இரண்டு எஞ்சினியர்களும் சேர்ந்து சுவரைப் பார்த்தார்கள். பள்ளத்தின் எங்கள் பக்கத் தடுப்பை வலுப்படுத்துவது, விரிசலில் கிரவுட்டிங் செய்து சுவரைச் சீராக்குவது, செலவு அவர்களுடையது என்று எழுத்தில் ஒப்பந்தம் ஆனது. நாங்கள் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. உள் பூச்சுச் செலவு எங்கள் தலையில் விழுந்தது. மாமி வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகுதான் கேமராவைத் திறந்தோம். அக்டோபரில் ஹார்பர் லைன் ரயிலேறி சி.எஸ்.எம்.டி.யில் இறங்கி, ஃபோர்ட் பகுதியில் போரா பஜார் தெருவுக்குப் போனேன். கேமராக்காரர்களின் தெரு. மாடிப்படிக்குக் கீழே இரண்டடி மேஜை போட்டிருந்த ரிப்பேர்க்காரர், என் நான்கு பக்கத்தைப் பார்க்காமலே, “பேட்டரி எடுத்தால் மறக்கிறதா சாப்?” என்று கேட்டார். சரியான கேள்வியை முதலில் கேட்ட ஆள்.

திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே கை வைப்பதற்கு முன் ஒரு கம்பியால் எதையோ தொட்டார். “ஃபிளாஷ் கண்டென்சர். 300 வோல்ட் இருக்கும். ஆஃப் செய்து நாள் கணக்கானாலும் அடிக்கும். வீட்டில் திறக்கிறவர்கள் இங்கேதான் வாங்கிக்கொள்கிறார்கள்.” பிறகு சாமணத்தால் ஒரு வட்டத் தகட்டைக் காட்டினார். சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

அந்தக் குட்டி பேட்டரியின் மேல் எழுதியிருந்த எழுத்துக்களையும் விளக்கினார். ‘எம்எல்’ என்று ஆரம்பித்தால் சார்ஜ் ஏற்றலாம். ‘சிஆர்’ என்று ஆரம்பித்தால் ஏற்றக் கூடாது. பின்னால் வரும் எண் அதன் அளவு. சிஆர் 2032 என்றால் குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2. சில பெரிய கேமராக்களில் சிஆர் ரகம் வைத்து, நாமே மாற்றும்படி சின்னத் தட்டும் கொடுத்திருக்கிறார்கள். எங்களுடையது போல் உள்ளே பற்ற வைத்திருந்தால் அதே எம்எல் ரகம்தான் போட வேண்டும். “மலிவு என்று சிஆர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குள் சார்ஜ் ஏறினால் கசியும், வெடித்தாலும் வெடிக்கும்.” பழைய பேட்டரியைக் காகிதத்தில் மடித்துத் தனியாக வைத்தார். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இது தரையில் கிடக்கக் கூடாது, விழுங்கினால் உணவுக் குழாயைச் சுட்டு ஓட்டையாக்கிவிடும் என்றார்.

பேட்டரியும் கூலியும் சேர்ந்து 600 ரூபாய். இப்போதெல்லாம் இந்த வேலை அதிகம் வருகிறதாம். கல்லூரிப் பெண்கள் அப்பாவின் பழைய டிஜிட்டல் கேமராவைத் தேடி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தக் காலத்துப் படத்தின் நிறம் அவர்களுக்குப் பிடிக்கிறது. செல்போன் நேரத்தை டவரிலிருந்து வாங்கிக்கொள்வதால், கடிகாரத்துக்குத் தனியாக ஒரு பேட்டரி உண்டு என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. 15 வருடம் டிராயரில் கிடந்த கேமரா என்றால், குட்டி பேட்டரி போயிருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம் என்கிறார்.

அப்படி ஒன்று உங்கள் வீட்டிலும் இருந்தால், பதறாதீர்கள். சார்ஜ் ஏற்றிய பேட்டரியைப் போட்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள். தேதி வையுங்கள், ஆஃப் செய்து பேட்டரியை எடுத்து அரைமணி பொறுங்கள். ஞாபகம் இருந்தால் செலவில்லை. இல்லையென்றால், பேட்டரி மாற்றும்போதெல்லாம் தேதி கேட்கும், அவ்வளவுதான். படம் எடுப்பதற்கு ஒரு குறையும் இல்லை. மாதம் ஒரு முறை பேட்டரியை உள்ளே போட்டு இரண்டு நாள் வைத்திருந்தால் புதிய குட்டி பேட்டரி நீடித்து உழைக்கும்.

முக்கியமான படம் என்றால் தேதியைக் கேமராவிடம் மட்டும் ஒப்படைக்காதீர்கள். அன்றைய செய்தித்தாளை ஓரத்தில் வைத்து ஒரு படம் எடுத்துவிட்டு மற்றதை எடுங்கள். எங்கள் சொசைட்டியில் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். படத்தின் எண், நாள், எடுத்தவர் பெயர், இரண்டு கையெழுத்து.

அந்த நோட்டில் மாதத்துக்கு ஒரு வரி மாமியின் கையெழுத்தில் இருக்கிறது. கிரவுட்டிங் முடிந்த இடத்தின் குறுக்கே எஞ்சினியர் ஒரு மெல்லிய கண்ணாடிப் பட்டையை ஒட்டியிருக்கிறார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒவ்வொரு முதல் தேதியும் நான் படம் எடுக்கிறேன், மாமி நோட்டில் எழுதுகிறார். இது வரை எல்லா வரியும் ஒன்றுதான்: கண்ணாடி உடையவில்லை.